காம்தாய் சாப்பிட்ட மீதிக் கஞ்சி

கடலம்மன் திருவிழாவுக்கு முழுப் பன்றியைச் சுட்டு, பலகையில் வைத்து, படகுக்குப் படகு கைமாற்றிக் கோயில் கரைக்குக் கொண்டுவருவது எங்கள் வழக்கம். ஒரு வருடம் அந்தப் பன்றி ஆற்றுக்குள் போய்விட்டது. போகவிட்டவர் ஷெக் சோய். விடிந்ததிலிருந்து அரிசிச் சாராயத்தின் துணையோடு அம்மனைத் தியானித்துக்கொண்டிருந்தவர் கையில் பலகையின் முன்பக்கத்தைக் கொடுத்தது யார் புத்தியோ தெரியாது. பன்றி தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டு மேளக்காரர்களே நிறுத்திவிட்டார்கள்.

"நான்தான் இடிச்சுட்டேன். கால் வழுக்கிடுச்சு" என்று பக்கத்தில் நின்ற காம்தாய் சொன்னாள்.

அவள் இடிக்கவில்லை. கோயிலில் விளக்கேற்றுகிறவளான எனக்கு, ஊதுபத்தித் தட்டோடு பின்னாலேயே நின்றதால், நன்றாகத் தெரியும். ஆனால் ஷெக் சோயின் மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். அம்மனின் பன்றியை ஆற்றில் போட்டவன் வீட்டில் பெண் எடுக்க எவன் வருவான்? காம்தாய்க்குக் கல்யாணம் செய்து கொடுக்க மகள் இல்லை, கோபித்துக்கொள்ளக் கணவனும் இல்லை. பழி வந்து உட்கார நல்ல காலி இடம். அதன் பிறகு எப்போதெல்லாம் வலையில் மீன் குறைந்ததோ அப்போதெல்லாம் எங்கள் ஆட்கள் அந்தப் பன்றியை நினைத்துக்கொண்டு அவளைத் திட்டினார்கள். மற்றவர்களைவிட உரக்கத் திட்டியவர் ஷெக் சோய். மகளின் தகப்பன் இல்லையா, பொறுப்பு இருக்கிறதே.

தென் சீனாவில் முத்து ஆறு கடலில் கலக்கிற இடத்தில் எங்கள் படகுக் குடியிருப்பு இருக்கிறது. அரசாங்கம் கரையில் வீடு கட்டிக் கொடுத்து வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் எங்களைப் படகுக்காரர்கள் என்றுதான் சொல்வார்கள். காம்தாயின் கணவன் கல்யாணமான மறு வருடமே புயலோடு போய்விட்டான். அவன் விட்டுப் போன பழைய படகைக் கரையோரம் கட்டிப் போட்டு, அதிலேயே அவள் இருந்தாள். புருஷனோடு வலைக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். குழந்தை ஆற்றில் விழாமல் இருக்க முதுகில் கயிறு கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொள்வாள். நாலைந்து கயிறு ஒரே நேரத்தில் இடுப்பில் தொங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் அவளைத்தான் யாரோ கட்டிப் போட்டிருக்கிற மாதிரி தெரியும்.

பல் முளைக்காத பிள்ளைகளுக்குச் சோற்றையும் அவித்த மீனையும் தன் வாயில் மென்று, கூழாக்கி, விரலால் எடுத்து ஊட்டுவாள். எங்கள் பக்கத்தில் எல்லாத் தாய்மாரும் செய்கிற காரியம். அவளுக்குச் சொந்தப் பிள்ளை இல்லாததால் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மென்றாள். அப்படி அவள் ஊட்டிய முதல் பிள்ளை லோ குவான்சிங். கணவன் போன துக்கத்தில் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தவள் கையில் அவன் அம்மா சௌஹா குழந்தையைத் திணித்துவிட்டு வலைக்குப் போனாள். மூன்று மாதக் குழந்தை பசியில் அலறினால் துக்கம் என்ன செய்யும்? எழுந்து அடுப்பு மூட்டத்தான் வேண்டும்.

அந்தக் குவான்சிங் வளர்ந்து இருபத்தாறு வயது ஆண்பிள்ளையாகி, சொந்தமாக எஞ்சின் படகு ஓட்டிக்கொண்டிருந்தபோது, காலையில் காறித் துப்பினால் சளியோடு ரத்தம் இழையாக வர ஆரம்பித்தது. ஒரு காதில் எந்நேரமும் இரைச்சல்.

"சூடு" என்றாள் சௌஹா.

எங்கள் ஊரில் எதுவுமே சூடுதான். பல்வலி சூடு, முகப்பரு சூடு, மாமியார் கத்தினால் அதுவும் சூடு. சூடு என்றால் கறுப்புக் கஷாயம். குவான்சிங் கஷாயமாகக் குடித்தான். காது அடைத்தே இருந்தது. "இன்னும் கசப்பா போடணும்" என்றாள் அம்மா. கசப்பாகப் போட்டாள். கழுத்தில் கோலிக்குண்டு மாதிரி ஒரு கட்டி எழும்பியது. அதுவும் சூடுதான், வெளியே வருகிறது, நல்லது என்றார் ஷெக் சோய்.

ஹாங்காங் சீனாவின் கைக்கு மாறியதற்கு அடுத்த வருடம் அது. அக்கரை நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மருத்துவக் குழு வந்தது. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு மூக்கின் பின்புறத்தில் புற்று நிறைய வருகிறது, ரத்தம் எடுத்துச் சோதிக்கப் போகிறோம் என்றார்கள். வெயிலுக்கு ஒதுங்க வேறு இடம் இல்லாததால் கோயில் முற்றத்தில் மேஜை போட்டார்கள். குழுவின் தலைவி டாக்டர் யிப் சின்னப் பெண். கையில் இருந்த மைக் அவளைவிடச் சத்தமாகக் கீச்சிட்டது.

"இந்தப் புத்துக்குப் பின்னாடி ஒரு வைரஸ் கிருமி இருக்கு. எச்சில் வழியா பரவும். பெரும்பாலும் குழந்தையா இருக்கும்போதே, கொஞ்சும்போது, ஊட்டும்போது வந்துடும். பயப்படாதீங்க. இங்க உக்காந்திருக்கிற ஏறக்குறைய எல்லார் உடம்புலயும் அது இருக்கு, ஆயுசு முழுக்க சும்மா படுத்துக் கிடக்கும். ரொம்பச் சில பேருக்குத்தான் புத்தா மாறுது. அதுக்குக் கிருமி மட்டும் போதாது. சின்ன வயசுலேர்ந்து கருவாடு நிறைய தின்னிருந்தாலோ, குடும்பத்துல யாருக்காவது இருந்தாலோ வாய்ப்பு அதிகம். அதனால..."

மீதியை மைக் விழுங்கியது.

எங்கள் ஊரார் காது கெட்டிக்காரக் காது. கருவாடு என்ற சொல் அதில் ஏறவே இல்லை. ஒவ்வொரு வீட்டு மாடியிலும் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது, அதை விற்றுத்தான் நாங்கள் பிழைக்கிறோம். குடும்பம் என்ற சொல்லும் ஏறவில்லை. சௌஹாவின் தம்பி இதே நோயில்தான் செத்தான். ஆனால் அவளைக் கேட்டால், அவனைக் கொன்றது நோய் இல்லை, ஆஸ்பத்திரியில் வைத்த கரண்டு, அதாவது கதிர்வீச்சு. கழுத்து முழுக்கக் கட்டி வந்த பிறகுதான் அவன் ஆஸ்பத்திரிக்கே போனான் என்பதை அவள் சொல்வதில்லை. எல்லாரிடமும் இருக்கிறது என்று டாக்டர் சொன்னது ஒரு காதுக்குள் போய், மறு காது வழியாக வெளியே வந்துவிட்டது. எச்சில் என்ற சொல் மட்டும் நேரே போய் உள்ளே பாய் விரித்துப் படுத்துக்கொண்டது. எச்சிலுக்கு ஒரு முகம் இருந்தது. கரையோரம் ஒரு பழைய படகில் குடியிருந்தது.

குவான்சிங்கின் ரத்தத்தில் அந்தக் கிருமியின் தடயம் எக்கச்சக்கம் என்று முடிவு வந்தது. மூக்குக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். புற்றுதான். கழுத்தைத் தாண்டி இன்னும் பரவவில்லை, உடனே கரண்டு வைத்தால் பிழைத்துவிடுவான், தள்ளிப் போட்டால் சொல்ல முடியாது என்றாள் டாக்டர் யிப்.

அன்று மாலை சௌஹா காம்தாயின் படகு முன்னால் வந்து நின்றாள். குடியிருப்பில் பாதி அவள் பின்னால் நின்றது.

"என் பிள்ளை வாயில என்னடி துப்பினே?"

காம்தாய் இடுப்பில் இரண்டு கயிறு தொங்கியது. இரண்டு குழந்தைகளின் அம்மாக்களும் கூட்டத்திலிருந்து இறங்கி வந்து, கயிற்றை அவிழ்த்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் அவிழ்ந்த கயிறுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஊட்டினேன் சௌஹா. நீ சொல்லித்தான் ஊட்டினேன்" என்றாள்.

"ஊட்டச் சொன்னேன். புத்தைக் கொடுக்கச் சொன்னேனா?"

மறுநாள் அவள் என்னைக் கூட்டிக்கொண்டு அக்கரைக்குப் போனாள். டாக்டர் யிப் நின்றுகொண்டே பெட்டிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா, நான் மென்னு ஊட்டினதாலயா?" என்று கேட்டாள் காம்தாய். டாக்டருக்குக் காதில் விழவில்லை. நான் ஒருமுறை திருப்பிச் சொன்னேன்.

டாக்டர் பெட்டியைக் கீழே வைத்தாள். "யார்கிட்டேருந்து வந்ததுன்னு இந்த உலகத்துல யாராலும் சொல்ல முடியாதும்மா. உங்க கையால சாப்பிட்ட மத்த பிள்ளைங்க எல்லாம் எப்படி இருக்காங்க?"

"எல்லாம் எருமை மாதிரி இருக்குதுங்க."

"எனக்கும் அந்தக் கிருமி இருக்கு. எங்கம்மாகிட்ட சண்டைக்குப் போகவா? அதை விடுங்க. அந்தப் பையனை எப்படியாவது கரண்டு வைக்கக் கூட்டிட்டு வாங்க. நான் ரெண்டு தடவை வந்து சொன்னேன், அவங்கம்மா கதவைச் சாத்திட்டாங்க."

திரும்பி வரும்போது காம்தாய் படகோரம் குனிந்து ஆற்றுத் தண்ணீரால் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். நான் அம்மனை வேண்டிக்கொண்டேன். அம்மன் கேட்டிருப்பாள்தான். ஆனால் சௌஹாவின் கதவைத் திறப்பது அம்மனுக்கே கொஞ்சம் சிரமமான காரியம்.

சௌஹாவுக்குக் கதவடைக்கத் துணையாக இருந்தவர் ஷெக் சோய். அந்த வாரம் கோயில் முற்றத்தில் கூட்டம் கூடியபோது அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"கரண்டு கிரண்டு எதுக்கு? நம்ம பழைய வழக்கம் ஒண்ணு இருக்கு. எச்சில் கொடுத்தவளே அதைத் திருப்பி வாங்கிக்கணும். அவன் தின்ன மீதியை தினமும் அவ தின்னா, கொடுத்தது கொடுத்தவகிட்டயே போயிடும். எங்க தாத்தா காலத்துல இப்படித்தான் செய்வாங்க."

இந்தப் பழைய வழக்கம் பிறந்தபோது நான் பக்கத்திலேயே இருந்தேன். விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். சுகப்பிரசவம்.

"சாப்பிடறியா காம்தாய்?" என்றாள் சௌஹா. சண்டைக்குத் தயாராகச் சட்டைக் கையை மேலே தள்ளி வைத்திருந்தாள்.

"சாப்பிடறேன்" என்றாள் காம்தாய்.

கூட்டத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மறுப்பாள் என்று நம்பி வந்திருந்தார்கள். குவான்சிங் மட்டும் எழுந்து, "அத்தே, என்ன இது, வேணாம்" என்றான். அவன் பேச்சே மூக்கடைத்து வந்தது.

"நீ சும்மா இருடா" என்றாள் காம்தாய். பிறகு ஷெக் சோயைப் பார்த்து மிகவும் பணிவாகக் கேட்டாள். "மாமா, உங்களுக்குத் தெரியாததா? ஒரு சந்தேகம். கட்டி மூக்குக்குள்ள கோந்து மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கே. ஒட்டின ஜாமான் எப்படி கஞ்சியில இறங்கும்? முதல்ல அது இளகணும் இல்ல? கரண்டு வச்சா இளகும்ங்கறாங்க. தாத்தா காலத்துல எதை வச்சு இளக்கினாங்க?"

ஷெக் சோய் கண்ணை மூடித் தாத்தாவை வரவழைத்தார். தாத்தா வர நேரமானது.

"இளகத்தான் வேணும்" என்றார் கடைசியில். "இளகாம ஆகாது. அப்போ கரண்டு இல்ல, வேற என்னமோ வச்சாங்க. இப்போ கரண்டு."

"அப்போ அவன் கரண்டு வச்சுட்டு வர்ற நாள்லதான் நான் சாப்பிட முடியும். வைக்காத நாள்ல தின்னா வெறும் கஞ்சி."

"வெறும் கஞ்சிதான்" என்று ஷெக் சோய் ஒப்புக்கொண்டார். தான் கண்டுபிடித்த வழக்கத்தில் தனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது என்று சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்?

கரண்டு கொல்லும் என்று கதவைச் சாத்திய சௌஹா, மறுநாள் விடிவதற்குள் மகனை எழுப்பிப் பரிசல் துறையில் கொண்டுவந்து நிறுத்தினாள். இளகணுமாம்.

ஆறேழு வாரம் அப்படிப் போயிற்று. வாரத்தில் ஐந்து நாள் அவன் அக்கரை போய்க் கரண்டு வைத்துக்கொண்டு வருவான். வந்ததும் அம்மா கஞ்சி கொடுப்பாள். அவன் குடித்த மிச்சத்தை சௌஹாவே மூடி எடுத்துக்கொண்டு போய், கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் பின்வாங்குவாள். எல்லாரும் பார்க்கக் காம்தாய் அதைச் சாப்பிட வேண்டும். முதல் நாள் கூட்டம் திருவிழாவுக்கு வந்த மாதிரி வந்தது. அவள் சாப்பிட்டு, கிண்ணத்தை வழித்து, "உப்பு கம்மி" என்றாள்.

கரண்டு வைக்க வைக்க அவனுக்கு வாய் வறண்டு தொண்டை புண்ணாயிற்று. கழுத்துத் தோல் கறுத்தது. நாலு வாய்க்கு மேல் கஞ்சி இறங்கவில்லை. அதனால் மீதி தினமும் கூடிக்கொண்டே போனது. காம்தாய் உருகி ஒட்டிப் போவாள் என்று குடியிருப்பு காத்திருந்தது. அவளோ தன் வீட்டுச் சோற்றோடு சௌஹா வீட்டுக் கெட்டிக் கஞ்சியையும் சேர்த்துச் சாப்பிட்டுக் கன்னம் உப்பிப் பளபளவென்று ஆனாள்.

"புத்து உள்ள போனா இப்படியா மினுக்கும்?" என்று ஒருத்தி சந்தேகப்பட்டாள்.

"வீக்கம்" என்றார் ஷெக் சோய். "உள்ளே போனது வீங்குது."

ஒரு நாள் பாத்திரம் கழுவும்போது நான் கேட்டேன். "அக்கா, இதை நெஜமாவே நம்பறீங்களா?"

"எனக்கென்ன தெரியும் தங்கச்சி? கரண்டு நல்லது பண்ணும்னு அந்த டாக்டர் பொண்ணு சொல்லுது. கஞ்சி கெடுதல் பண்ணாதுன்னு எனக்கே தெரியும்."

ஐந்தாவது வாரத்தில் ஒரு காலை குவான்சிங் பரிசலில் ஏற மறுத்துவிட்டான். துறைப் படியில் உட்கார்ந்து, பேச முடியாமல் தலையை மட்டும் ஆட்டினான். முந்தின நாள் தண்ணீர்கூட விழுங்க முடியாமல் அழுதானாம். உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தால் எனக்கே வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது. சௌஹா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "போதும்டா கண்ணா, போதும். பாதிக்கு மேல இளகியிருக்கும். நான் கஷாயம் போட்டுத் தரேன், வீட்டுக்கு வா" என்றாள். பரிசல்காரன் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.

காம்தாய் தன் படகிலிருந்து இறங்கி வந்தாள். நான் பார்த்து அவள் வேகமாக நடந்தது அன்றைக்குத்தான்.

"போகலியா?"

"புள்ளைய பாரு காம்தாய். உனக்கு இரக்கமே இல்லியா?"

"இல்ல. இன்னைக்கு அவன் போகலேன்னா நான் சாப்பிட மாட்டேன். அது மட்டுமில்ல சௌஹா, இத்தனை நாளு தின்னதெல்லாம் என் வயித்துல தங்கும்னு நினைச்சுக்காதே. பாதியில நிறுத்தினா வந்தது வந்த வழியே திரும்பும். என்ன மாமா, திரும்பாதா?"

துறையில் பல் குச்சியோடு நின்றிருந்த ஷெக் சோய் திடுக்கிட்டார். குடியிருப்பே அவரைப் பார்த்தது.

"திரும்பும், திரும்பும்" என்றார். "ரெண்டு மடங்கா திரும்பும்."

சௌஹாவின் முகம் வெளுத்தது. மடியில் இருந்த தலையைத் தூக்கி நிறுத்தி, "எழுந்திருடா! ஏறு! ஆம்பளையா நீ? தொண்டை வலிக்குதாம் தொண்டை!" என்று முதுகில் இரண்டு வைத்துப் பரிசலில் தள்ளினாள். தானும் ஏறிக்கொண்டாள். பரிசல் போன பிறகு காம்தாய் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அவனுக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்" என்று மட்டும் சொன்னாள்.

அவன் முழுவதும் முடித்தான். கட்டி கரைந்தது. வருடா வருடம் குழாய் விட்டுப் பார்த்தார்கள், சுத்தம் என்றார்கள். அவன் பிழைத்தது எதனால் என்பதில் எங்கள் ஊருக்குச் சந்தேகமே இல்லை. ஷெக் சோயின் தாத்தா வழக்கம். அதன் பிறகு கல்யாணம், சாவு, படகு வெள்ளோட்டம் எதற்கும் வழக்கம் கேட்க அவர் வீட்டு வாசலில் ஆள் நிற்க ஆரம்பித்தது. கேட்டதற்கெல்லாம் தாத்தாவிடம் பதில் இருந்தது. டாக்டர் யிப்புக்கு யாரும் ஒரு ஆரஞ்சுகூடக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. குவான்சிங் மட்டும் ஒரு கூடை கொண்டுபோனான்.

காம்தாய்க்கு என்ன ஆயிற்று? நோய் ஒன்றும் இல்லை. அவள் ரத்தத்தையும் சோதித்தார்கள், நன்றாக இருந்தது. ஊர்தான் அவள் உடம்புக்குள் புற்று இருப்பதாக முடிவு செய்துவிட்டது. முறைப்படி வாங்கித் தின்றவள் அல்லவா? புற்றைத் தன்னிடம் வாங்கிக்கொண்ட புண்ணியவதி என்று கும்பிட்டார்கள். ஆனால் கும்பிட்ட கையில் ஒரு குழந்தையைக் கொடுக்கவில்லை. "இப்பதான் தூங்கிச்சு அக்கா", "பால் பவுடர் வாங்கிட்டோம் அக்கா", "என் மாமியார் பாத்துக்கறாங்க அக்கா" என்றார்கள். எல்லாரும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். கயிறுகளை அவள் சுருட்டிப் படகு முனையில் மாட்டியிருந்தாள். மழையில் அவை கறுத்துப் போயின. ஐந்தாறு வருடம் அவள் காத்திருந்தாள். பக்கத்துத் துறைமுகத்தில் கப்பல் பட்டறைக்காரர்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்த அவள் தங்கை, தனியாக ஏன் கிடக்கிறாய், வந்து கூட இரு என்று சொல்லி அனுப்பினாள். போகிறேன் என்று முடிவு செய்துவிட்டாள்.

போன அன்று அவள் பெட்டியைக் குவான்சிங்தான் தோளில் சுமந்து வந்தான். கரண்டு வைத்ததிலிருந்து அவனுக்கு எச்சில் ஊறுவதில்லை, இடுப்பில் தண்ணீர்ப் புட்டி எப்போதும் தொங்கும். ஒரு மிடறு குடித்து, "அத்தே, வேணாம் அத்தே, போகாதீங்க" என்பான். மறுபடி ஒரு மிடறு குடித்து மறுபடி அதையே சொல்வான்.

"உனக்கு வாய் வறளுது, பேசாம வா" என்றாள் அவள்.

சௌஹாவும் வந்தாள். வெறுங்கையோடு வருவாளா? முதல் தரமான கருவாடு ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தாள். இன்னொரு கையில் ஆறு மாதப் பேரன், குவான்சிங்கின் மகன். கரண்டு வைத்துப் பிழைத்தவனுக்குப் பிறந்த பிள்ளை. நல்ல கொழுகொழுக் குழந்தை. காம்தாய் அதைப் பார்த்துச் சிரித்துக் கையை நீட்டப் போனாள். சௌஹா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் குழந்தையின் முகத்தை மூடி, "காத்து, காத்து அடிக்குது" என்றாள். காற்றே இல்லை. இலைகூட அசையாத நாள்.

குவான்சிங் தலையைக் குனிந்துகொண்டான். எனக்குப் பொறுக்கவில்லை. கோயிலில் விளக்கேற்றுகிறவள் நாலு பேர் முன்னால் கெட்ட வார்த்தை பேசக்கூடாது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். காம்தாய் நீட்டிய கையால் கருவாட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லி, பரிசலில் ஏறினாள். பெட்டியை எடுத்து வைக்க நானும் ஏறினேன்.

"அக்கா, அவ பண்ணினதை பாத்தீங்களா?" என்றேன்.

அவள் என் கையைத் தட்டிக் கொடுத்தாள். பரிசல்காரன் என்னை இறங்கச் சொன்னான்.

"கோவிச்சுக்காதே தங்கச்சி, மூடினா மூடிட்டுப் போறா" என்றாள். "காலையில அவ வீட்டுப் பக்கமா வந்தேன். பின்கட்டுல உக்காந்து வாழைப்பழத்தை மென்னு மென்னு அதுக்கு ஊட்டிக்கிட்டிருந்தா. பாவம், நான் பாத்தேன்னு தெரிஞ்சா சங்கடப்படுவாளேன்னு, பாக்காத மாதிரி இந்தப் பக்கம் திரும்பி நடந்து வந்துட்டேன்."